மெழுகு போட்ட தரை

செபஸ்தியம்மாள் சென்னையில் ஓர் உள்ளரங்கத்தில் தரை துடைப்பவள். ஒருநாள் ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அங்கே வந்து இறங்கியது. கல்லூரிகளுக்கான மாநிலக் கூடைப்பந்துப் போட்டியைச் சென்னையில் வைப்பதா, கோவையில் வைப்பதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். குழுத் தலைவர் வைத்தியலிங்கத்துக்குச் சென்னைதான். அரங்கமே அவருடையதாயிற்றே! முகூர்த்த நாள்களில் கல்யாணத்துக்கு விடுவதற்காகத் தரைக்கு மெழுகு போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்.

"முகம் பார்த்துத் தலை சீவலாம், பாருங்க!" என்று பெருமையடித்தார்.

"இங்க வேண்டாங்கய்யா" என்றாள் செபஸ்தியம்மாள்.

"தரை துடைக்கிறவளுக்குப் பந்தாட்டத்தைப் பத்தி என்ன தெரியும்? என் தரையில ஒரு குறையைக் காட்டு. காட்டலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"காட்டுறேங்கய்யா. அந்த வளையத்துக்குக் கீழ போய் நில்லுங்க."

தலைவர் வீறாப்பாகக் கிளம்பினார். நாலாவது அடியில், கூட வந்த குழுச் செயலாளரின் தோளைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தள்ளாட, இன்னொருவர் ஓடிவந்து தாங்க வேண்டியதாயிற்று.

"நடக்கவே உங்களுக்கு ரெண்டு ஆள் வேணும். ஓடுற பிள்ளைங்க யாரைப் பிடிச்சுக்குவாங்க?"

குழு வாய்விட்டுச் சிரித்தது. கோவைக்கு ஆறு கைகள் உயர்ந்தன.

"இவ்வளவு தெரிஞ்சவ முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று சீறினார் தலைவர்.

"சொன்னேங்கய்யா, உங்ககிட்டதான். போன தை மாசம், என் மகன் ஆடிப் பழக வந்து, இதே வளையத்துக்குக் கீழ வழுக்கி விழுந்து செத்தானே, அன்னிக்குக் காலையில."