வாய் மூடிய ஆறு

வில்லவராயர் ஆண்ட சிறு நாட்டில் ஓர் ஆறு இருந்தது. மலையிலிருந்து கடல்வரை ஓடிவந்தது. கடலைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. கழிமுகத்தில் மண்மேடு விழுந்து அடைத்துவிட்டது. மேலே நெடுவயலில் நெற்பயிர் தண்ணீரில் அழுகியது. நடுவே அளத்தூர் உப்புப் பாத்திகளுக்குக் கடல்நீர் வரவில்லை. கீழே சுறாப்பட்டினத்துத் தோணிகள் கழிக்குள் மாட்டிக்கொண்டன. ஐப்பசி மழை பிடித்தால் மூன்று ஊரும் சேர்ந்து மிதக்கும்.

மூன்று ஊர்த் தலைவர்களும் அரண்மனைக்கு வந்தார்கள். கருவூலச் செலவில் கழிமுகத்தை வெட்டித் தரவேண்டும் என்றார்கள். அது ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை.

"கருவூலத்தில் எலிகூட விரதம் இருக்கிறது, அரசே" என்றார் கருவூல அமைச்சர் கச்சிராயர். பிறகு, தூணோரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நக்கனைப் பார்த்தார். நக்கன் அவையில் பேசியே பிழைப்பவன். அவன் பேச்சில் அதிகம் அடிபட்டவர் கச்சிராயர்தான். "நம் நக்கனுக்கு வாய் பெரிது. ஆற்றின் வாயையும் அவனே திறக்கட்டும். கருவூலத்தில் ஒரு காசு கேட்கக்கூடாது."

அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சரி, நக்கா. மழைக்குள் ஆறு வாய் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் இந்த அவையில் நீ இனிமேல் வாய் திறக்கக்கூடாது."

நக்கனுக்கு வெற்றிலை தொண்டையில் நின்றது. வீரனிடம் வாளைப் பிடுங்கினால் வேறு வாள் வாங்குவான். நக்கன் வேறு வாய்க்கு எங்கே போவான்?

மெல்ல விழுங்கிவிட்டு எழுந்தான். "தலைவர்களே, கழிமுகம் யாருடையது?"

"எங்கள் எல்லை நாணல் காட்டோடு சரி. கழிமுகம் அளத்தூருடையது" என்றார் நெடுவயல் தலைவர்.

"எங்களுக்குப் பாத்தி மட்டும்தான், நக்கரே. முகம் பட்டினத்தாருடையது" என்றார் அளத்தூர் தலைவர்.

"மண்ணை மேலேயிருந்து அனுப்பினவன் நெடுவயல்காரன். அனுப்பினவனே அள்ளட்டும். எங்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்றார் பட்டினத்துத் தலைவர்.

நக்கன் மூவரையும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். இன்னும் உரக்கச் சொன்னார்கள்.

"அரசே, யாருக்கும் வேண்டாத பொருள். எனக்கு மானியமாகக் கொடுத்துவிடுங்கள்."

"சேற்றையா? எடுத்துக்கொள்."

"பெரும் உபகாரம். மண்மேடு எனக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே கிடக்கட்டும். நெடுவயலாரே, உங்கள் தண்ணீர் இனி என் கழிக்குள் வரவேண்டாம். அளத்தூராரே, என் உவர்நீரைத் தொடவேண்டாம். பட்டினத்தாரே, தோணிகளைச் சீக்கிரம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்."

அவை சந்தை ஆயிற்று.

"தண்ணீர் எங்களுடையது, அது போகிற வழி உன்னுடையதா? கழிமுகத்தில் முக்கால் பங்கு எங்களுக்கு" என்றார் நெடுவயலார்.

"முக்காலை நீர் எடுத்துக்கொண்டால் நான் எதில் உப்பு விளைப்பேன், உம் தலையிலா? எங்களுக்கு அரை" என்றார் அளத்தூரார்.

"எங்கள் பாட்டன் முப்பாட்டன் தோணி இழுத்த துறை. எங்களுக்கும் முக்கால். ஒரு பிடி குறைந்தாலும் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன்" என்றார் பட்டினத்தார்.

கச்சிராயர் யோசித்தார். நக்கன் சும்மா சேறு கேட்கிறவன் இல்லை. உள்ளே ஏதோ இருக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கழிக்கரையில் என் தோப்பும் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் எனக்கும் ஒரு கால் உண்டு."

நக்கன் விரல் மடக்கினான். "முக்காலும் அரையும் ஒன்றேகால். இன்னொரு முக்கால், இரண்டு. அமைச்சரின் கால், இரண்டேகால். யாராவது குறைத்துக்கொள்கிறீர்களா?"

ஒருவரும் அசையவில்லை.

"அப்படியானால் மானியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அரசே, ஏரி வெட்ட நம் நாட்டு வழக்கம் என்ன?"

"தண்ணீரில் யாருக்கு எத்தனை பங்கோ, மண் வெட்டுவதிலும் அவருக்கு அத்தனை பங்கு."

"கழிக்கும் அதுவே வழக்கமாக இருக்கட்டும்."

தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பங்கைக் குறைத்தால் பக்கத்து ஊருக்குப் போய்விடும். நெடுவயலார் மட்டும் முனகினார். "ஒரு மண்மேட்டுக்கு இரண்டேகால் பங்கு வேலை ஏது?"

"மேட்டை வெட்ட ஒரு பங்கு. வெட்டின மண்ணில் கரை போட்டு, உங்கள் மூன்று ஊரும் அடுப்பெரிக்க வெட்டித் தீர்த்த அலையாத்தி மரங்களைத் திரும்ப நட ஒரு பங்கு. அது வேர் பிடித்தால் கரை நிற்கும், மீன் குஞ்சு பொரிக்கும்."

மீதிக் காலைப் பற்றி அவன் பேசவில்லை. கச்சிராயரும் கேட்கவில்லை.

மூன்று ஊரும் மண்வெட்டியோடு இறங்கின. பக்கத்து ஊர்க்காரன் பார்க்கிறான் என்றே ஒவ்வோர் ஊரும் வேகமாக வெட்டியது. ஐப்பசிக்கு முன்பே ஆறு வாய் திறந்தது. அரசர் பார்க்க வந்தார். வயலில் நின்ற தண்ணீர் கடலுக்கு ஓடியது, தோணிகள் அதன் பின்னாலேயே போயின. அளத்தூர் தலைவர் மட்டும் முகம் வாடி நின்றார். கடல்நீர் கழிவரை வந்துவிட்டது, புதுக் கரை மறித்ததால் பாத்திக்கு வர வழியில்லை.

அரசருக்கு அப்போது நினைவு வந்தது. "அமைச்சரின் கால் பங்கு என்ன ஆயிற்று?"

"அது நக்கனின் கணக்குப் பிழை, அரசே" என்றார் கச்சிராயர். "வேலைதான் முடிந்துவிட்டதே."

"பிழை இல்லை" என்றான் நக்கன். "ஆற்றுக்கு வாய் கிடைத்துவிட்டது. அமைச்சர் தம் வாயாலேயே கால் கேட்டார். காலும் வாயும் சேர்ந்தால் என்ன?"

"கால்வாய்" என்றார் அரசர். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கழியிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அளத்தூர்ப் பாத்திவரைக்கும் கால்வாய் வெட்டச் சொல்லி, மண்வெட்டியைத் தம் கையாலேயே அமைச்சரிடம் கொடுத்தார்.

நக்கனுக்கு வெள்ளியில் ஒரு வெற்றிலைப் பெட்டி கிடைத்தது. கச்சிராயர் வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கியபோது, ஊரே நக்கனின் முகத்தைப் பார்த்தது. அவன் வாய் திறக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலை.