பல்லக்குத் தூக்கிகளுக்குப் பரிவட்டம்

முன்னொரு காலத்தில் வெண்ணிமலை நாட்டைக் கோதண்டவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தது உடனே நடந்தாக வேண்டும். ஒருநாள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டே, ஊர் ஜனங்களின் கல்விச்சாலைக்கு ஐந்து தர்மகர்த்தாக்கள் வேண்டும், இந்தத் தாம்பூலம் கரைவதற்குள் பெயர் சொல்லுங்கள் என்றார்.

தளவாய் அனந்தப்பர் தயாராக இருந்தார். மச்சினன், சம்பந்தி, இரண்டு மருமகன்கள், தமக்கு ஜோசியம் பார்க்கிறவர் என்று மடமடவென ஒப்பித்தார். ஐவரும் கல்விச்சாலையே கதியென்று கிடப்பவர்களாம்.

மந்திரி நல்லுடையார் மனசுக்குள் கணக்குப் போட்டார். உழவரும் தறிக்காரரும் வேலை முடித்து வந்து எழுத்துக் கற்கிற இடம் அது. அவரே நின்று தொடங்கிவைத்தது. இவர்கள் கையில் சிக்கினால் ஒரே வருஷத்தில் இழுத்து மூடிவிடுவார்கள். நேராக மறுத்தாலோ ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாதுவாகப் பேசினார்.

"மகாராஜா, தர்மகர்த்தாப் பரிவட்டத்தை நாளைக் காலை கல்விச்சாலையிலேயே கட்டுவோம். ஐவரும் யாரிடமும் வழி கேட்காமல் வந்து சேரட்டும். நானும் வாய் திறக்க மாட்டேன். வந்துவிட்டால் என் முத்திரை மோதிரமும் பதவியும் தளவாய்க்கு."

தளவாய்க்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் ராஜா பல்லக்கில் ஏறி, "கீழைவாசல் மண்டபத்துக்கு விடுங்கள்" என்றார். மந்திரிக்குத் திக்கென்றது. ராஜாவுக்கும் இடம் தெரியாது என்பதை இந்தக் கெட்டிக்காரர் யோசிக்கவே இல்லையே! வாய் திறக்க மாட்டேன் என்று வேறு சொல்லித் தொலைத்தாயிற்று.

பல்லக்கின் முன்கொம்பு பிடித்த செங்கான் மட்டும் நகரவில்லை.

"கல்விச்சாலைக்குத்தானுங்களே மகாராஜா? அந்த மண்டபம் கூரை விழுந்து ரெண்டு மழை ஆச்சுங்க. இப்ப ஏரிக்கரை உப்புக் கிடங்குல நடக்குது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாங்க நாலு பேரும் பொழுதுசாய அங்கதானுங்க படிக்கிறோம்."

பல்லக்கு ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது.

உப்புக் கிடங்கில் வெயில் ஏறும்வரை காத்திருந்தும் ஐவரில் ஒருவரும் வரவில்லை. பட்டு உடுத்திக்கொண்டு இடிந்த மண்டபத்தில் ஆடுகளோடு நின்றவர்களைச் சேவகர்கள் போய் அழைத்து வந்தார்கள். கூரை விழுந்ததைத் தம்மிடம் யாரும் சொல்லவில்லை என்று தளவாய் சாதித்தார். அதற்கான விண்ணப்ப ஓலை அவரிடம்தான் போனது என்றார் மந்திரி. ராஜா தேடி எடுத்துவரச் சொன்னார். கட்டிய நூல்கூட அவிழாமல் வந்தது ஓலை.

பரிவட்டம் நான்கு தூக்கிகளுக்கும், கிடங்கை மெழுகிச் சுத்தமாக்கிய தறிக்காரி பூவாயிக்கும் கட்டப்பட்டது. மந்திரிக்கு ராஜா தம் தோளிலிருந்த சால்வையைப் போர்த்தினார். ஓலை படிக்காத தளவாய் தினமும் முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்து வாசிக்கப் பழக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

புதிய தர்மகர்த்தாக்கள் அங்கேயே முதல் கூட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ராஜா பல்லக்கருகே ஒரு நாழிகை நின்று பார்த்தார். இன்னும் எவ்வளவு நேரம் என்று மெல்லக் கேட்டார்.

"கூரை விஷயம் முடியணுமுங்க மகாராஜா" என்றான் செங்கான்.

ராஜா செருப்பை மாட்டிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார். வழி மந்திரிதான் சொன்னார்.