வாலைத் தூக்காத எருமைகள்

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. ஊர் விழாக்களுக்கு மைக்செட் போடும் ஒருவர் தன் அக்கா மகள் அமுதவல்லிக்குச் சொன்னார். என்னோடு கல்லூரியில் படித்த அமுதவல்லி எனக்குச் சொன்னாள். இடையில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது என் ஞாபகக் குறைவுதான். எனக்கு வந்தபடியே சொல்கிறேன்.

குழந்தைகளே, ஒரு காட்டில் கோடை பிறக்கும் முன்பே குளம் ஒன்று வற்றிவிட்டது. அந்தக் குளத்தை நம்பி நால்வர் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்திவந்தார்கள்.

தவளை பாடும். குழுவுக்குத் தானே தலைவன் என்று சொல்லிக்கொள்ளும். கரைமரத்து மரங்கொத்தி பொந்து விழுந்த கட்டையில் மேளம் கொட்டும். அதற்கு எல்லாவற்றிலும் அவசரம். நண்டு கொடுக்குகளைத் தட்டித் தாளம் போடும். அது யாரையும் நம்பாது. ஆமை காய்ந்த சுரைக்குடுக்கையைக் குலுக்கும். எதையும் நிதானமாக யோசித்துத்தான் செய்யும்.

அந்தக் காட்டில் வற்றாத மடு ஒன்றே ஒன்று இருந்தது. அது எருமைக் கூட்டத்துக்குச் சொந்தம். நால்வரும் எருமைத் தலைவியிடம் போய் நின்றார்கள்.

"தாயி, இந்தக் கோடைக்கு மட்டும் உங்கள் மடுவில் ஓர் ஓரமாக இருந்துகொள்கிறோம்" என்றது தவளை.

தலைவி அசைபோட்டபடியே யோசித்தாள். "நாளன்றைக்கு எங்கள் கூட்டம் பொட்டலில் கூடுகிறது. போன வருடம் பாட வந்த நரிகளின் சத்தம் பின்னால் நின்ற கன்றுகளுக்கு எட்டவில்லை. சலித்துப்போய் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. இரண்டு கன்றுக்குக் கால் ஒடிந்தது. இந்த முறை நீங்கள் பாடுங்கள். கடைசி வரிசைக் கன்றுக்கும் கேட்டால் மடுவில் இருக்கலாம். கேட்காவிட்டால் அன்றைக்கே வேறு இடம் பாருங்கள்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தது தவளை.

அன்றும் மறுநாளும் அவர்கள் ஒரு பாறைக்குகைக்குள் ஒத்திகை பார்த்தார்கள். தவளை ஒரு முறை கத்தினால் குகை நான்கு முறை கத்தியது. மரங்கொத்தி கொட்டினால் இடி விழுவதுபோல் இருந்தது.

"அண்ணே, இது கடைசி வரிசைக்கு என்ன, அடுத்த காட்டுக்கே கேட்கும்" என்றது மரங்கொத்தி.

மூன்றாம் நாள் காலையில் பொட்டலுக்குப் போனார்கள். மரமோ பாறையோ இல்லாத பெரிய வெளி அது. கிழக்கு ஓரத்தில் இருந்த மண்மேட்டில் ஏறி நின்று தவளை முழு மூச்சாகக் கத்தியது. மேற்கிலிருந்து வீசிய காற்று அதன் வாயில் புழுதியை அள்ளிப் போட்டது. குரல் ஒரே ஒரு முறை கேட்டு அடங்கிவிட்டது.

தவளை திகைத்தது. "இது என் குரலே இல்லையே!"

மரங்கொத்தி கொட்டிப் பார்த்தது. சுள்ளி ஒடிப்பதுபோல் 'டக்' என்றது. கட்டையைக் கவிழ்த்துப் பார்த்தது. "கட்டை நல்லாத்தானே இருக்கு!"

"சத்தத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்றது நண்டு. "நேற்று குகையில் இருந்தது, இன்று இல்லை. நம் நால்வரைத் தவிர அங்கே யார் வந்தார்கள்?" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தது.

"சத்தத்தை எடுத்து நான் எங்கே வைத்துக்கொள்வேன்?" என்று கேட்டது ஆமை.

"ஓட்டுக்குள்ளே எவ்வளவோ இடம் இருக்கிறதே!"

ஆமை தலையையும் கால்களையும் நன்றாக வெளியே நீட்டிக் காட்டியது. நண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. பார்த்த பிறகும் அதற்கு முழு நம்பிக்கை வரவில்லை.

பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். தவளை வடக்கே திரும்பி நின்று பாடியது. தெற்கே திரும்பிப் பாடியது. "மேளம் என் குரலை அமுக்குகிறது" என்று மரங்கொத்தியைப் பின்னால் தள்ளியது. மரங்கொத்தி கோபத்தில் இரண்டு மடங்கு பலமாகக் கொட்டியது. தன் தாளம் தனக்கே கேட்கவில்லை என்று நண்டு தவளையின் காதோரம் வந்து நின்றுகொண்டது. கடைசியில் நால்வரும் ஒட்டி நின்று, ஒருவர் காதில் ஒருவர் கத்தினார்கள்.

"ஆகா, வந்துவிட்டது! காது அடைக்கிறது!" என்று குதித்தது தவளை.

ஆமை மட்டும் தயங்கியது. "அண்ணே, நமக்குக் கேட்கிறது, சரி. கடைசி வரிசை நிற்கப்போகும் இடம் அதோ, அந்த மேற்கு ஓரம். யாராவது ஒருவர் அங்கே போய் நின்று கேட்டுவிட்டு வந்தால் என்ன? மரங்கொத்தித் தம்பி பறந்தால் ஒரு நொடி."

"நான் போனால் யார் கொட்டுவது? நான் கொட்டாவிட்டால் அங்கே போய் எதைக் கேட்பது?" என்றது மரங்கொத்தி.

"நான் போனால் நீங்கள் பாட்டையே மாற்றிவிடுவீர்கள்" என்றது நண்டு.

"பாடுகிறவன் கடைசி வரிசையில் போய் நிற்பதா? நல்ல கதை!" என்றது தவளை.

"அப்படியென்றால் நானே போகிறேன்" என்று ஆமை சுரைக்குடுக்கையை மேட்டில் வைத்துவிட்டு இறங்கியது.

"போய் வா, போய் வா. நீ திரும்புவதற்குள் கோடையே முடிந்துவிடும்!" என்று தவளை சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள்.

ஆமை காலையில் புறப்பட்டது. வெயில் உச்சிக்கு வந்தபோது பாதிப் பொட்டலில் இருந்தது. மேற்கு ஓரத்தை அது எட்டுவதற்கும் எருமைகள் கூட்டமாக வந்து நிறைவதற்கும் சரியாக இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட எருமைகள். பெரியவை முன்னால், கன்றுகள் பின்னால். கன்றுகளைக் கவனித்துக்கொள்ளத் தலைவியும் கடைசி வரிசையிலேயே நின்றாள்.

மேட்டில் தவளை தொண்டையைச் செருமியது. உள்ளுக்குள் அதற்கும் கொஞ்சம் பயம்தான். அதனால் பாடும் முன் கேட்டுவிடுவது நல்லது என்று நினைத்தது.

"பெரியோர்களே! நான் பேசுவது யாருக்காவது கேட்கவில்லை என்றால், தயவுசெய்து வாலைத் தூக்குங்கள்!"

மூவரும் கண்ணை இடுக்கிக்கொண்டு கடைசி வரிசை வரை பார்த்தார்கள்.

"அதோ! மூன்றாவது வரிசையில் ஒரு வால்!" என்று கத்தியது நண்டு.

"அது ஈ ஓட்டுகிறது" என்றது மரங்கொத்தி. "பின்வரிசையைப் பாருங்கள் அண்ணே. ஒரு வால்கூட எழவில்லை."

"ஒன்றுகூடவா?"

"ஒன்றுகூட இல்லை. எண்ணிவிட்டேன்."

தவளைக்குப் பாரம் இறங்கியது. "பார்த்தீர்களா? எல்லாருக்கும் கேட்கிறது. தொடங்குவோம்!"

தொண்டை புடைக்கத் தவளை பாடியது. மரங்கொத்தி தலைதெறிக்கக் கொட்டியது. நண்டு இரண்டு கொடுக்காலும் தட்டியது.

கடைசி வரிசையில் தலைவி ஆமையைப் பார்த்தாள். "என்னப்பா, பொழுது சாய்கிறதே. உன் கூட்டாளிகள் எப்போது தொடங்குவார்கள்?"

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. தூரத்தில் தவளையின் தொண்டை உப்பி உப்பி அடங்கியது. மரங்கொத்தியின் தலை மேலும் கீழும் போய்வந்தது. சத்தம் மட்டும் இல்லை. காதில் காற்றுதான் இரைந்தது.

ஆமை யோசித்தது. 'இன்னும் தொடங்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பக்கத்தில் கன்றுகள் முட்டத் தொடங்கியிருந்தன.

"தொடங்கிவிட்டார்கள் தாயி" என்றது. "இங்கே எட்டவில்லை. கொஞ்சம் பொறுத்தால் நான் போய்ச் சொல்கிறேன்."

"நீ போய்ச் சேர்வதற்குள் இங்கே எத்தனை கால் ஒடியும்?" என்றாள் தலைவி. கன்றுகளைப் பிரித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தாள்.

அவள் வருவதைப் பார்த்ததும் தவளை பாட்டை முடித்துக் குனிந்து வணங்கியது. "எப்படி இருந்தது தாயி?"

"என்ன எப்படி இருந்தது? கடைசி வரிசைக்கு ஒரு சொல்கூட வரவில்லை."

தவளை விழித்தது. மரங்கொத்தியைப் பார்த்தது. "இருக்க முடியாதே! கேட்காதவர்கள் வாலைத் தூக்குங்கள் என்று முதலிலேயே சொன்னேனே! ஒருவரும் தூக்கவில்லையே!"

தலைவி தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள்.

"வாலைத் தூக்கச் சொன்னாயா? எப்போது?"

தவளை கடைசி வரிசை வரை எட்டிப் பார்த்தது.

"பேச்சு பேச்சுதான்" என்றாள் தலைவி. "மூவரும் புறப்படுங்கள். உள்ளதைச் சொன்ன ஆமை மட்டும் மடுவில் இருக்கட்டும்."

அன்று மாலையே மூவரும் அடுத்த மலைக்கு அப்பால் தண்ணீர் தேடிப் புறப்பட்டார்கள். பொட்டலைத் தாண்டும் வரையில் பேச்சு ஓயவில்லை.

"ஆமைதான் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறது" என்றது நண்டு.

"நான் எண்ணினேனே அண்ணே! ஒரு வால்கூட எழவில்லையே!" என்றது மரங்கொத்தி.

"அதுதானே எனக்கும் விளங்கவில்லை" என்றது தவளை.

நீதி: நம் குரல் எட்டாதவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணாதே, அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்த் தெரிந்துகொள்.

பின்னர் இயற்பியல் நூல் ஒன்றில் பார்த்தேன்: திறந்த வெளியில் காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும், தொலைவில் தரையில் நிற்பவர்களுக்கு அது சரியாகக் கேட்காது.