பலாமேட்டுச் சந்தையின் விழுங்கிப் பள்ளம்

களுக்... களுக்... களுக்...

கானாங்கோழி தன் வாழ்வில் முதன்முதலாகக் கேட்ட சத்தம் அதுதான். அப்போது அது முட்டைக்குள் இருந்தது. வெளிச்சம் தெரியாது. அம்மாவின் முகம் தெரியாது. பாறைக்கு அடியிலிருந்து ஊற்று கிளம்பும் சத்தம் மட்டும் முட்டையோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. 'வெளியே வா, இங்கே தண்ணீர் இருக்கிறது' என்று யாரோ கூப்பிடுவது போல இருந்தது.

அதன்பின் பல மழைக்காலங்கள் போய்விட்டன. இப்போது அந்தக் கானாங்கோழி அதே சுனையில், கோரைப் புல்லின் நடுவே கூடு கட்டி, ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஊற்று பேசுவதை நிறுத்திவிட்டது. சத்தம் வந்த இடத்தில் பழுப்பு நுரைதான் வந்தது. கோரையின் வேர்கள் அழுகின. கூடு நாளுக்கொரு விரற்கடை தண்ணீரை நோக்கிச் சாய்ந்தது. போன ஆண்டு பொரித்த குஞ்சுகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. இந்த முட்டைகள் பொரிய இன்னும் எட்டு நாள் இருந்தது. கூடு எட்டு நாள் தாங்குமா?

அன்று காலையில் ஊற்றின் வாயிலிருந்து 'மொளுக்' என்று ஏதோ மேலே வந்தது. கானாங்கோழி எட்டிப் பார்த்தது. பலாத்தோல்! முள் மழுங்காத, புதுப் பலாத்தோல்!

"இது ஓடையில் மிதந்து வரவில்லை. பாறைக்கு அடியிலிருந்து வந்திருக்கிறது. பாறைக்கு மேலே யார் பலா உரிக்கிறார்கள்?" என்று அது தன் துணையான சேவலிடம் கேட்டது.

"வேறு யார்? சந்தைக்காரர்கள்தான்."

"நீ அடையில் உட்கார். நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்."

"அவர்கள் பெரிய இடம். நம் பேச்சைக் கேட்பார்களா?"

"கேட்கும்வரை கத்துவேன். நம் சாதிக்குக் குரலுக்கா பஞ்சம்?"

பலாத்தோலைக் கவ்விக்கொண்டு கானாங்கோழி பாறைமேல் ஏறியது.

பாறைக்கு மேலே இருந்தது பலாமேட்டுச் சந்தை. அந்தக் காட்டில் அதைவிடப் பெரிய சந்தை கிடையாது. ஒவ்வொரு மரப்பொந்தும் ஒரு கடை. அணில் கொட்டைகள் விற்றது. முள்ளம்பன்றி கிழங்கு விற்றது. மந்திகள் பலாச்சுளை விற்றன. எல்லாக் கடைகளையும் சேர்த்து நடத்தியது சந்தைக் கழகம். அதன் தலைவர் கரடி. செயலாளர் மரநாய்.

வாசலில் ஒரு காட்டுப்பன்றி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"நீங்கள் ஏன் உள்ளே போகவில்லை, அண்ணே?" என்று கேட்டது கானாங்கோழி.

"சேற்றுக்காலோடு வருபவர்களுக்கு அனுமதி இல்லையாம். எங்கள் கூட்டத்தைப் பார்த்தால் வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். மரநாய் சொல்லிவிட்டது. உன் காலையும் பார் அம்மா, ஒரே சேறு!"

"எனக்கு இறக்கை இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டு, கானாங்கோழி வேலியைத் தாண்டிப் பறந்தது.

அன்று சந்தையில் அறிக்கை நாள். ஆண்டுதோறும் பலா குவியும் மாதத்தில் ஒரு நாள், அந்த ஆண்டு சந்தை செய்த நற்செயல்களைச் செயலாளர் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். அது அங்கே வழக்கம். மரநாய் பெரிய தேக்கிலை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இந்த ஆண்டு நம் சந்தை நாற்பது கன்றுகள் நட்டது!"

"ஆகா!" என்றார்கள் கடைக்காரர்கள்.

"கீழே சுனையில் வாழும் ஏழைகளுக்கு ஆளுக்கொரு பலாச்சுளை வழங்கியது!"

"ஆகா!"

"எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் காட்டிலேயே குப்பை இல்லாத சந்தை நம் சந்தை ஒன்றுதான்!"

"ஆகா! ஆகா!"

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. அது எப்போதும் மடியில் வைத்திருக்கும் தேன் குடுக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. பழைய சுரைக்குடுக்கை அது. கரடி முதன்முதலாகத் தேன் எடுத்த அன்று தன் ஐந்து நகங்களாலும் அதில் கீறி வைத்திருந்தது.

"எனக்கு ஒரு கேள்வி!" என்றது கானாங்கோழி.

"கேள்வி நேரம் முடிந்துவிட்டது" என்றது மரநாய்.

"தொடங்கவே இல்லையே!" என்று கத்தியது அணில். எல்லோரும் சிரித்தார்கள்.

கானாங்கோழி நடுவே வந்து நின்றது. "நீங்கள் கொடுத்த பலாச்சுளை கிடைத்தது. நன்றி. தவளைக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தது, வழுக்கி விழுந்தது. போகட்டும். சுளையைக் கொடுத்தது நீங்கள். தோலை அனுப்புவதும் நீங்கள்தானா?"

அது பலாத்தோலைக் கரடியின் காலடியில் போட்டது.

"இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டது கரடி.

"ஊற்றின் வாயில்."

"காற்றில் பறந்து போயிருக்கும்" என்றது மரநாய்.

"பலாத்தோலா? அப்படியானால் நாளைக்குப் பலாமரமே பறக்கும்!" என்றது அணில்.

கரடி தலையைச் சொறிந்தது. "நாங்கள் ஒரு தோலைக்கூட வெளியே எறிவதில்லையே, அம்மா. தினமும் மாலையில் கூட்டிப் பெருக்கி, விழுங்கிப் பள்ளத்தில் போட்டுவிடுகிறோம்."

சந்தையின் பின்புறம் பாறையில் ஒரு பிளவு இருந்தது. அதற்குத்தான் விழுங்கிப் பள்ளம் என்று பெயர். எதைப் போட்டாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் வாய் காலியாக இருக்கும். மாலைதோறும் கடைக்காரர்கள் வரிசையாக வந்து, "இந்தா, சாப்பிடு!" என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

"அந்தப் பள்ளம் விழுங்கவில்லை. அடியில் துப்புகிறது. துப்புவது எங்கள் சுனையில்!" என்றது கானாங்கோழி.

"தலைவரே, அந்தப் பள்ளத்துக்கு அடியே கிடையாது!" என்று குறுக்கிட்டது மரநாய். "என் மாமன் ஒரு கல்லை உள்ளே போட்டுவிட்டு, விழும் சத்தத்துக்காக மூன்று நாள் காத்திருந்தார். சத்தமே வரவில்லை!"

"உங்கள் மாமனுக்குக் காது கேட்குமா?" என்றது அணில்.

கானாங்கோழி கரடியை நேராகப் பார்த்தது. "சோதித்துப் பாருங்கள், ஐயா. பள்ளத்தில் ஒரு பொருளைப் போடுங்கள். ஆனால் உங்களுக்கு மிகவும் வேண்டிய பொருளாக இருக்கட்டும். வேண்டாததைப் போட்டால், அது எங்கே போயிற்று என்று யாரும் தேடமாட்டார்கள்."

எல்லோரும் குடுக்கையைப் பார்த்தார்கள்.

"இதையா?" என்றது கரடி. அதன் குரல் சின்னதாகிவிட்டது.

"நாளை உச்சிவேளைக்குள் அது சுனையில் வரும். வராவிட்டால் நான் இந்தக் காட்டைவிட்டே போய்விடுகிறேன்."

"உன் முட்டைகள்?"

"பறவையால் முட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஐயா. விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்."

கரடி குடுக்கையின் கீறல்களை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு எழுந்து, பள்ளத்தருகே போய், கண்ணை மூடிக்கொண்டு குடுக்கையை உள்ளே போட்டது. 'டொக், டொக்' என்று இரண்டு முறை சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"நாளை உச்சிவேளைவரை கடைக்காரர்கள் யாரும் சந்தையைவிட்டு வெளியே போகக் கூடாது! ஏமாற்று நடந்தது என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது" என்றது கரடி. கானாங்கோழி சுனைக்குத் திரும்பியது.

மறுநாள் காலை விடிந்தது. குடுக்கை வரவில்லை. வெயில் ஏறியது. வரவில்லை. கூடு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கானாங்கோழி முட்டைகளின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கோரைக்குள் கானாங்கோழி அசையாமல் இருந்தால், பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

"வருமா?" என்று மெல்லக் கேட்டது சேவல்.

"வரும். தோல் வந்த வழி அதற்கும் வழிதான்."

மேலே சந்தையில் மரநாய் நெளிந்தது. "தலைவரே, நட்ட கன்றுகள் வாடுகின்றன. தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு நொடியில் வந்துவிடுகிறேன்."

"கன்று விஷயமா? போய் வா" என்றது கரடி. கன்றுகள் என்றால் கரடிக்கு மனம் இளகிவிடும்.

மரநாய் கன்றுகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாறைச்சரிவில் குறுக்கு வழியாக ஓடி வந்தது. நேராக ஊற்றின் வாயருகே வந்து குந்தி உட்கார்ந்தது. இடப்பக்கமும் தேடவில்லை, வலப்பக்கமும் தேடவில்லை. பழகிய வீட்டுக்கு வந்தது போல வந்தது.

கானாங்கோழி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மொளுக்!

நுரையைப் பிளந்துகொண்டு சுரைக்குடுக்கை மேலே வந்தது. மரநாய் பாய்ந்து அதைப் பிடித்து, அக்குளில் மறைத்துக்கொண்டது.

"குவாக்! குவாக்! குவாக்! குவாக்!"

அந்தக் கத்தலைக் கேட்டவர்கள் இன்னும் சொல்கிறார்கள்: காது மடலில் எறும்பு கடித்தது போல இருந்ததாம். சந்தை முழுவதும் திமுதிமுவென்று கீழே இறங்கி ஓடி வந்தது. முன்னால் கரடி, பின்னால் மந்திகள், அணில், முள்ளம்பன்றி. வேலிக்கு வெளியே நின்ற காட்டுப்பன்றிதான் எல்லோருக்கும் முந்திக்கொண்டது. அது மரநாயின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன செயலாளரே, கன்றுகளுக்குக் குடுக்கையிலா தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்றது அணில்.

"நான்... இந்தப் பக்கமாகப் போனேன். கண்ணில் பட்டது. தலைவரிடம் கொடுக்கலாம் என்று..."

கரடி குடுக்கையை வாங்கித் திருப்பிப் பார்த்தது. ஐந்து நகக் கீறல்கள். அதன்மேல் பச்சையும் கறுப்புமாக வழுவழுத்த அழுகல்.

"ஒன்று மட்டும் சொல்" என்றது கரடி. "இந்தச் சுனை இவ்வளவு பெரியது. குடுக்கை சரியாக இந்த இடத்தில்தான் வரும் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

மரநாய் தலையைக் குனிந்துகொண்டது.

"மூன்று வருடமாகத் தெரியும்" என்றது. "அறிக்கை நன்றாக இருந்தது. கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்."

"அட பாவி!" என்றது முள்ளம்பன்றி. எல்லோரும் மரநாயைத் திட்டத் தொடங்கினார்கள்.

"கொஞ்சம் பொறுங்கள்!" என்றது கானாங்கோழி. "மரநாய் மறைத்தது. உண்மைதான். ஆனால் தினமும் 'இந்தா, சாப்பிடு' என்று கொட்டியது யார்? பள்ளம் எங்கே போகிறது என்று உங்களில் ஒருவராவது ஒரு நாளாவது கேட்டதுண்டா?"

மந்திகள் தங்கள் வாலையே பார்த்துக்கொண்டிருந்தன.

கரடி சாய்ந்த கூட்டைப் பார்த்தது. ஐந்து முட்டைகளைப் பார்த்தது. நுரையில் கையைவிட்டு, முகர்ந்தது. கரடியின் மூக்கு நல்ல மூக்கு. மூன்று ஆண்டுப் பலாவும் அதற்குத் தெரிந்தது.

"என் சந்தை சுத்தமாக இருந்ததற்கு உன் வீடு குப்பையானதுதான் காரணம்" என்றது. "நான் தலைவன். இது என் தவறு. எத்தனை நாள் இருக்கிறது, அம்மா?"

"ஏழு."

"ஆறில் முடிக்கிறேன்!"

புற்றைத் தோண்டும் நகங்களோடு கரடியே பள்ளத்துக்குள் இறங்கியது. தலைகீழாகத் தொங்கி, அழுகிய தோலை வாரி வாரி மேலே எறிந்தது. மந்திகள் கை மாற்றிக் கொண்டுபோய்க் குவித்தன. குவியலைக் கண்டதும் காட்டுப்பன்றிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இந்தத் தோலைப் புதிதாக இருக்கும்போதே எங்களுக்குக் கொடுங்கள் என்று மூன்று வருடமாக வாசலில் நின்று கேட்டேனே! எங்கள் குட்டிகளுக்கு இது விருந்து அல்லவா? சேற்றுக்கால் என்று விரட்டினீர்களே!"

கரடி பள்ளத்திலிருந்து தலையை நீட்டியது. அதன் முகம், மார்பு, காது எல்லாம் சேறு.

"இப்போது என்னைப் பார்" என்றது. "என்னை உள்ளே விடுவார்களா?"

பன்றி விழுந்து விழுந்து சிரித்தது.

அன்று முதல் பன்றிக் கூட்டத்துக்குச் சந்தைக்குள்ளேயே ஓர் இடம் கிடைத்தது. மாலையில் தோல்கள் நேராக அங்கே போயின. அழுகிய குவியலைச் சாணவண்டுகள் உருட்டிக்கொண்டுபோய், வாடிக் கிடந்த நாற்பது கன்றுகளின் வேரில் சேர்த்தன. அவற்றில் பிழைத்தவை பதினொன்று. அடுத்த அறிக்கையில் கரடி 'பதினொன்று' என்றே சொன்னது. அறிக்கை நாளும் இடம் மாறியது. இப்போது அதைச் சுனைக்கரையில்தான் வாசிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் சுனைவாசிகள் கேள்வி கேட்கலாம். தவளைகள்தான் அதிகம் கேட்கின்றன.

பள்ளம் ஐந்தாம் நாளே சுத்தமானது. கூடு தாங்கியது. ஐந்து முட்டைகளில் மூன்று பொரிந்தன. இரண்டு கூழ்முட்டையாகிவிட்டன. கானாங்கோழி அந்த இரண்டையும் ஒரு நாள் கூடுதலாக அடைகாத்துப் பார்த்துவிட்டு எழுந்தது. பிறகு மூன்று கறுப்புக் குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது.

செய்த நன்மையை மேலே நின்று வாசிப்பவர் பலர். தன்னால் யாருக்குக் கேடு என்று கீழே இறங்கிப் பார்ப்பவரே பொறுப்புள்ளவர்.

மரநாய் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே வேறொரு சந்தையில் அறிக்கை எழுதுகிறது.