ராஜா சுமந்த வர்ணச் சட்டி

ராஜாக்களுக்குக் கால் இருந்தும் நடக்கத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மருதங்குடி நாட்டை இளமருதன் என்ற ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் பல்லக்கை விட்டு இறங்கியதே இல்லை. பாவம், அவரை வளர்த்த விதம் அப்படி.

அவர் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார். தன் நாட்டில் யார் கண்ணிலும் படாத அழகான மூலைகள் இருக்குமே, அவற்றைத் தேடிப் பிடித்துச் சுவரில் தீட்டுங்கள் என்று மூன்று ஓவியர்களிடம் சொன்னார்.

மூன்று பேரும் மூன்று திக்கில் போனார்கள். சாத்தன் வாய்க்கால் வளைவில் ஒரு தாழம்புதரைக் கண்டான். அதன் நிழலில் நீர்க்கோழி தன் குஞ்சுகளோடு நீந்தியது. மூக்கையன் பாறைகளுக்கு நடுவே பாசி படர்ந்த சுனையைக் கண்டான். அதன் ஓரத்தில் மீன்கொத்தி தவம் கிடந்தது. செம்பாயி ஏரியின் பழைய மதகுக்குப் பின்னால், தண்ணீர்மேல் சாய்ந்த கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கண்டாள். கண்டதைக் கண்டபடி தீட்டினார்கள். ராஜா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடக் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

இந்த இடங்களை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றார். வந்தது வினை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா ஓர் இடத்துக்குப் போகிறார் என்றால், முதல் நாளே மணியக்காரர் வைரவநாதர் ஐம்பது ஆட்களோடு போய் அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிடுவார். அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று ராஜாவுக்குத் தெரியவே தெரியாது. மனிதர் கெட்டவர் இல்லை. ராஜாவின் காலில் ஒரு முள் குத்தினாலும் தன் உயிர் போய்விடும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

சாத்தன் காட்டிய இடத்துக்கு ராஜா போனார். அங்கே தாழம்புதரை வெட்டி, வழி போட்டு, பந்தல் கட்டியிருந்தார்கள். மூக்கையன் காட்டிய இடத்துக்குப் போனார். அங்கே பாசி வழுக்கும் என்று சுனையைச் சுரண்டிக் கழுவி, பாறைக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் தாரை தப்பட்டை முழங்கியது. நீர்க்கோழியும் இல்லை, மீன்கொத்தியும் இல்லை. இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. இல்லாததை இருப்பதாகக் காட்டி ஓவியர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தார். மணியக்காரரைப் பகைத்துக்கொண்டு ஊரில் குடியிருக்க முடியாது என்பதால் சாத்தனும் மூக்கையனும் வாயைத் திறக்கவில்லை. செம்பாயி காட்டும் இடமும் பொய்யானால் மூன்று சுவருக்கும் வெள்ளையடிப்பேன், மூன்று பேரும் இனி இந்த நாட்டில் தூரிகையைத் தொடக் கூடாது என்று ராஜா சொல்லிவிட்டார். தூரிகை போனால் ஓவியனுக்கு என்ன மிச்சம்? மூக்கையன் அழுதே விட்டான்.

செம்பாயி யோசித்தாள். நடந்ததைச் சொல்லலாம். சொன்னால் ராஜா மணியக்காரரைக் கேட்பார், அவரோ ஒரு குறையும் வைக்கவில்லையே என்பார். இது காதால் கேட்டுத் தீருகிற வழக்கு இல்லை. அவள் ராஜாவைத் தனியாகப் போய்ப் பார்த்தாள்.

"மகாராஜா, நாளைக்குக் காலையில நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா மூணு காரியம் செய்யணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நடந்து வரணும். நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது."

ராஜா சிரித்துவிட்டார். நடப்பதுகூடப் பரவாயில்லை, பேசாமல் இருப்பதுதான் கஷ்டம் என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். ராஜா பழைய வேட்டி கட்டி, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். செம்பாயி வர்ணச் சட்டிகளை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். யாரோ கூலியாள் என்று நினைத்து வழியில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜா வரப்பில் ஒரு முறை வழுக்கினார், ஒரு முறை முள்ளை மிதித்தார், ஒரு முறை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயை மட்டும் திறக்கவில்லை.

மதகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கூடுகள் சும்மா தொங்கின. ஒரு குருவியையும் காணோம். கொசு கடித்தது. இவளும் ஏமாற்றுக்காரிதான் என்று ராஜா முடிவுகட்டிய நேரத்தில் ஒரு மஞ்சள் குருவி வந்தது. அப்புறம் நாலு, அப்புறம் நாற்பது. புல்லைக் கிழித்து வந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்னின. ஓர் ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிட்டது. பெண் குருவி வந்தது, உள்ளே எட்டிப் பார்த்தது, பிடிக்கவில்லை, பறந்து போய்விட்டது. ஆண் குருவி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு வேறு கூடு கட்டப் புல் தேடிப் புறப்பட்டது. ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. இனிப் பேசலாம் என்று செம்பாயி தலையசைத்தாள். இப்போது ராஜாவுக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மத்த ரெண்டு இடமும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு மகாராஜா. நீங்க வர்றீங்கன்னு வெட்டிட்டாங்க."

ராஜா இத்தனை வருஷமாகத் தான் போன இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

அரண்மனைக்குத் திரும்பியதும் சாத்தனையும் மூக்கையனையும் வரவழைத்து, சபையில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். சுவர்கள் பிழைத்தன. மூன்று பேரின் தூரிகையும் பிழைத்தது. மூக்கையன் மறுபடியும் அழுதான். இந்த முறை சந்தோஷத்தில்.

அப்போது மணியக்காரர் ஆவலோடு முன்னால் வந்தார். அப்படி என்ன இடம் அது, சொன்னால் நாளைக்கே வழி போட்டுவிடுகிறேன் என்றார். அவருக்குப் பின்னால் ஐம்பது ஆட்கள் அரிவாளோடு தயாராக நின்றார்கள்.

பொய் சொன்னதாக மூன்று பேரைத் தண்டிக்க இருந்த ராஜா, தன் வாழ்நாளில் முதல் பொய்யைச் சொன்னார்.

"வழி மறந்துபோச்சு மணியக்காரரே."

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள், விடிந்ததும், அரண்மனைப் பின்வாசல் வழியாக ஓர் ஆள் வர்ணச் சட்டிகளோடு போவார். காவலர்கள் யாரும் அவரை வணங்க மாட்டார்கள். அதுதான் ராஜ உத்தரவு.

கேட்டவர்கள் எல்லோரும் இதை மனதில் வையுங்கள்: அழகான இடத்தைத் தேடிப் போகிறவர்கள், அந்த இடத்தைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றாமல், தாங்கள் அதற்கு ஏற்றபடி அடங்கிப் போக வேண்டும்.