மெயில் அடைகாத்த முட்டை

கோதண்டத்தின் குரு அவரைவிட இருபது வயது இளையவள். பெயர் எஸ்தர். காசிமேட்டில் ஒரு மொட்டை மாடியில் பந்தயப் புறாக்கள் வளர்க்கிறாள். புறா விடுகிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோதண்டத்துக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவளிடம் போன பிறகு அவருடைய புறாக்கள் ஒழுங்காக வீடு திரும்ப ஆரம்பித்தன. கூச்சமும் போய்விட்டது.

கோதண்டம் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவரிடம் மெயில் என்று ஒரு பெட்டைப் புறா இருந்தது. நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பிவிடும். கோதண்டம் மட்டும் அரக்கோணத்தைத் தாண்டியதில்லை. புறாக்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவை வரும் வரை மாடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

அவர் மனைவி ரஞ்சிதத்துக்குப் பனி பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் சொன்ன ஆசை அது. "இந்தப் பந்தயம் முடியட்டும்" என்பார் கோதண்டம். முடிந்தால் அடுத்தது வந்துவிடும். இந்த முறை அவராகவே வாய் திறந்து சொன்னார்.

"நாக்பூர்லேர்ந்து மெயில் வந்துடட்டும். மறுவாரமே குலு மணாலி கெளம்புறோம்."

அன்றிலிருந்து ரஞ்சிதமும் தானியத்தில் கல் பொறுக்கிப் புறாவுக்குப் போட ஆரம்பித்தாள். பரண்மேல் கிடந்த கம்பளிச் சட்டைகளை இறக்கி வெயிலில் போட்டாள்.

பந்தயத்துக்கு முன்னால் கோதண்டம் குருவைப் பார்க்கப் போனார்.

"மாஸ்டர், மெயில் கண்டிப்பா திரும்பி வரணும். இன்னா பண்றது?"

"இதுவரைக்கும் இன்னா பண்ணீங்கண்ணே?"

"அடையில இருக்கசொல்ல அனுப்புவேன். முட்டை நெனப்புலயே பறந்து வந்துடும்."

எஸ்தர் தலையாட்டினாள். எல்லோரும் செய்வதுதான்.

"ஆனா குஞ்சு பொரிச்சா ஒடம்பு எளைச்சுப் போயி சீசனே வீணாயிடுது. அதான் அது வுட்ட முட்டைய எடுத்துட்டு, மரத்துல ஒண்ணு கடைஞ்சு வச்சுட்டேன். நம்ம லேத்துல போட்டதுதான். வெள்ளை அடிச்சு, எடை கூட சரி பண்ணிட்டேன்."

"அதுக்குத் தெரியலையா?"

"சான்ஸே இல்ல மாஸ்டர். பந்தயத்துலேர்ந்து வந்தா தண்ணி கூட குடிக்காது. நேரா அது மேல போயி உக்காந்துக்கும்."

"அப்ப வரும்ணே" என்று சொல்லிவிட்டு எஸ்தர் தண்ணீர்ச் சட்டிகளைக் கழுவப் போய்விட்டாள்.

நாக்பூரில் விட்ட அன்று மெயில் வரவில்லை. அது பெரிய தூரம், யாரும் கவலைப்படவில்லை. மறுநாள் மற்றவர்களுடைய புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கோதண்டத்தின் மாடியில் எதுவும் இறங்கவில்லை. ரஞ்சிதம் உலை வைக்காமல் அவர் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு பேரும் வடக்கே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். போனது போனதுதான் என்று கோதண்டம் மனதுக்குள் அழ ஆரம்பித்துவிட்டார்.

அதற்கும் அடுத்த நாள் மத்தியானம் மெயில் வந்தது. உயரத்திலிருந்து வரவில்லை. மாடிக்கு மாடி தத்தித் தத்தி வந்தது. ஒரு சிறகு தொங்கியது. வல்லூறு கிழித்த மார்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

"வந்துடுச்சு" என்றாள் ரஞ்சிதம். அவள் கண்ணில் நீர் முட்டியது.

கோதண்டம் கையில் எடுக்கப் பார்த்தார். மெயில் நழுவிக் கூட்டுக்குள் போனது. அதுவரை முட்டைமேல் அடையிருந்த அதன் ஜோடி ஆண் புறாவைத் தள்ளிவிட்டு, அந்த மர முட்டையை வயிற்றுக்கடியில் இழுத்துவைத்து உட்கார்ந்தது. தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோதண்டம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்.

"இந்த நெலமையில இத வுட்டுட்டு எங்க போறது? ரெக்கை ஆறட்டும், ரஞ்சி."

ரஞ்சிதம் சரி என்றாள். அவள் எப்போதும் சரி என்றுதான் சொல்வாள். மெதுவாகப் படியிறங்கிப் போனாள்.

புறாவின் காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டு கோதண்டம் நேராக எஸ்தரிடம் போனார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"டிவியில காட்டுவாங்க பாருங்க மாஸ்டர், ஓட்டப் பந்தயத்துல. கால் ஒடிஞ்சும் ஒருத்தன் நொண்டிக்கினே வந்து கோட்டைத் தாண்டுவான். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு கை தட்டும். அந்த மாதிரி ஆளு என் மெயிலு."

"அவனுக்குக் கோடு இருந்துச்சுண்ணே."

"அதான் தாங்க முடியல மாஸ்டர். அந்த ஒடம்போட வந்து ஒரு மரக்கட்டைய அணைச்சுக்கினு உக்காந்துருக்கு. எடுத்தா அப்பவே உசுரு வுட்டுடும்போல கீது. வச்சிருந்தா எனக்கு சோறு எறங்காது. இன்னா பண்ணட்டும்?"

"அடையில உக்காந்து எவ்ளோ நாளாச்சு?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

எஸ்தர் தன் கூண்டுக்குள் கைவிட்டு, ஒரு புறாவின் அடியிலிருந்து முட்டையை எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அதை கோதண்டத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். உள்ளே ஏதோ லேசாக அசைந்தது.

"குஞ்சுக்குக் குடுக்குற பால் இந்நேரம் அதுக்குத் தொண்டையில ஊறியிருக்கும்ணே. மரத்தை எடுத்துட்டு இத வைங்க. குஞ்சு வந்தா அதுவே ஊட்டிக்கும்."

"வேற முட்டைன்னு தெரிஞ்சுடுமே?"

"தெரிஞ்சா தெரியட்டும். இது பொரிக்கும்."

கோதண்டம் முட்டையைச் சட்டைக்குள் விட்டுக் கையால் அணைத்துக்கொண்டார். மனம் லேசாகிவிட்டது. படியிறங்கப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்க முன்னாடி சொல்றேன். இனிமே எந்தப் புறாவுக்கும் மர முட்டை வைக்க மாட்டேன்."

"நல்லதுண்ணே" என்றாள் எஸ்தர். தண்ணீர்ச் சட்டியைக் குனிந்து எடுத்தாள். "நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அண்ணி போன் பண்ணாங்க."

"மெயிலு வந்துடுச்சுன்னு சொல்லவா?"

"இல்லண்ணே. ரெண்டு பேரோட கம்பளிச் சட்டையையும் மடிச்சு மறுபடி பரண்மேல போடணுமாம். போன வருஷம் போட்டப்ப பூச்சி அரிச்சுடுச்சாம். இந்தத் தடவை அந்துருண்டை எத்தனை போடணும்னு கேட்டாங்க."