நான்காவது பொந்து

மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாத ஒரு காட்டில், பூவாலன் என்றொரு மலையணில் கடை வைக்க ஆசைப்பட்டது. தன் மரத்துத் தேனைக் கொடுத்து, வெயில் காலத்தில் பழமும் கொட்டையும் வாங்கிக் குகையில் அடுக்குவது; மழைக்காலத்தில் விற்பது. வியாபாரம் என்பது அவ்வளவுதானே?

அந்தக் காட்டில் கணக்கு என்றால் கூழாங்கல். ஒரு கூடை வாங்கினால் சரக்குப் பொந்தில் ஒரு கல். அதை விற்றால் அந்தக் கல் விற்பனைப் பொந்துக்கு மாறும். சுமந்து வந்தவருக்கே கூலியாகக் கூடையைக் கொடுத்துவிட்டால் கூலிப் பொந்துக்கு மாறும். பொந்துகளைச் சரியாக அமைத்துக்கொண்டால் குகை நிலவரம் வெளியிலிருந்தே தெரியும்.

குகை வாசலில் நின்ற பட்டமரத்தில் மரங்கொத்தி மூன்று பொந்துகளைக் கொத்தி முடித்தது.

"நான்காவதை எங்கே கொத்தட்டும் முதலாளி?"

"நான்காவது எதற்கு?"

"அழுகுவது, வண்டரிப்பது, எலி இழுத்துப்போவது, எல்லாவற்றுக்கும்தான். சேதப் பொந்து." மரங்கொத்திகளுக்கு நயமாகப் பேச வராது.

"ச்சு ச்சு ச்சு!" என்றது குகைச் சுவரில் குடியிருந்த பல்லி. சகுனம் சொல்வதில் அந்தக் காட்டிலேயே பெயர் பெற்ற பல்லி. "கடை திறக்கிற நாளில் வாயில் வருகிற வார்த்தையா இது? குழியை வெட்டி வைத்தால் விழ ஆள் வராமலா போகும்?"

பூவாலன் சட்டென்று வாலைச் சுருட்டிக்கொண்டது. "பல்லியார் சொல்வதுதான் சரி. எங்கள் குலத்தில் முதல் கூடையை 'ஒன்று' என்றுகூட எண்ணமாட்டோம். 'லாபம்' என்றுதான் எண்ணுவோம்."

"அப்படியா? இரண்டாவது கூடையை?"

"இரண்டு."

"அப்போது லாபம் ஒரு கூடையோடு சரி," என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்து போனது.

சில நாளில் ஒரு கூடைப் பலாக்கொட்டை வண்டரித்து மாவாய் உதிர்ந்தது. பூவாலனின் மனைவி செம்பி சரக்குப் பொந்திலிருந்து ஒரு கல்லை எடுத்தது.

"இதை எங்கே போட?"

"விற்பனையில் போடேன்."

"விற்கவில்லையே!"

"கூலியில்?"

"யாருக்குக் கொடுத்தோம், வண்டுக்கா?"

"எடுத்த இடத்திலேயே போடம்மா," என்றது பல்லி. "பானை காலியானால் 'நிறைந்திருக்கிறது' என்று சொல்வதுதானே மரியாதை? சரக்கும் நிறைந்தே இருக்கட்டும்."

கல் திரும்பிப் போனது. பிறகு இலந்தை பூஞ்சை பூத்தது, மாங்காய் புளித்தது, புளியை எலி இழுத்துப்போனது. சரக்குப் பொந்தில் ஒரு கல்லும் குறையவில்லை. பூவாலன் காலையில் எழுந்ததும் அந்தப் பொந்தின் முகத்தில்தான் விழித்தது.

மழைக்கு முன் காட்டு அத்தி கடைசியாகக் காய்த்துக் கொட்டியது. முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, அத்தி கூடை கூடையாய் விழுகிறது! இதை விட்டால் அடுத்த வெயிலுக்குத்தான். வாங்கிக்கொள்ளுங்கள்."

"குகைக்குள் போய் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுவோமே," என்றது செம்பி.

"எண்ணினால் குறையும்," என்றது பல்லி.

பூவாலன் பொந்தைப் பார்த்தது. கற்கள் விளிம்புவரை பளபளத்தன. "வைக்க இடமில்லை தம்பி," என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியது. அத்தி தரையிலேயே அழுகியது.

மழை பிடித்தது. முன்வரிசைக் கூடைகள் விற்றுத் தீர்ந்தன. பின்வரிசையில் பூவாலன் கை விட்ட கூடையெல்லாம் மாவு, மாவுக்குள் வண்டு. வாசலில் காடே நனைந்துகொண்டு நின்றது.

"என்ன அண்ணே, சரக்குப் பொந்தில் இன்னும் இத்தனை கல் இருக்கிறதே?" என்றது முயல்.

பூவாலன் கையிலிருந்த கூடையைக் கவிழ்த்துக் காட்டியது.

மழை விட்டபோது பூவாலனின் இரண்டு குட்டிகளில் பசிக்குத் தப்பிப் பெரியதுதான் மிஞ்சியிருந்தது. குகைச் சுவரில் பல்லி கொழுகொழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லிக்குப் பலாக்கொட்டை ஆகாது, வண்டுதான் ஆகும். சகுனம் கேட்டவர்கள் இதைக் கேட்டிருக்கவில்லை.

மரங்கொத்தி வந்து பட்டமரத்தில் உட்கார்ந்தது. இந்தத் தடவை அது கேலி பேசவில்லை.

"கொத்தட்டுமா?"

"கொத்து," என்றது பூவாலன். அதன் கைக்குள் ஒரு சின்னக் கூழாங்கல் இருந்தது. "இது போகிற அளவுக்குப் போதும்."

"புதுப் பொந்து எதற்கு?" என்றது செம்பி. "இதையும் சரக்கிலேயே போடுங்கள். வீடு நிறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்."

மரங்கொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொத்தத் தொடங்கியது.

நீதி: நஷ்டத்துக்கு இடம் ஒதுக்க அஞ்சுபவன் வீடு முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும்.